தாய்மாமன்களுக்கு ஒரு விளம்பரம்

கல்லூரி கேட்டைத் தாண்டி, திருப்பரங்குன்றத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். ரீச் அண்ணனின் லேப்டாப் பை என் தோளில். அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தாய்மாமன்களை நம்பி வேலையை இழந்த ஒரே மனிதர், மதுரைச் சீமையிலேயே அவர்தான்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. எதைப் பார்த்தாலும் அது எத்தனை பேரை எட்டும் என்றே அளப்பார். "இட்லி நல்லாருக்கு, ரீச் இல்ல" என்பார் ஓட்டல்காரரிடம். திருப்பரங்குன்றத்துக் கோயில் கூட்டத்தைக் காட்டி, "விளம்பரமே இல்லாம எம்புட்டு ரீச் பாரு மாப்ள" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

என்ஜினியரிங் கல்லூரிக்கு ஆள் சேர்க்க, போனில் விளம்பரம் போடுவது அவர் வேலை. அவர் வீடியோ எடுக்கும்போது ஸ்டாண்டு பிடிப்பது என் வேலை. ஒன்பதாவதோடு நின்றவன் நான். செங்கல் சூளை, லாரி என்று சுற்றியபின் நிழலில் கிடைத்த முதல் வேலை அது.

இந்த வருடம் மெக்கானிக்கலில் ஒருவரும் சேரவில்லை. தாளாளர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முப்பது பேரு சேரணும். இல்லேன்னா நீ வேற எடம் பாத்துக்க."

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காட்டிய விளம்பரத்துக்கு லைக் குவிந்தது, ஆள் வரவில்லை. எழுமலைப் பையன் ஒருவனுக்கு அண்ணன் போன் செய்தார். "எங்க மாமாதான் முடிவு சொல்லணும்" என்றான். அடுத்த இருவரும் அதையே சொன்னார்கள்.

"மாப்ள, தப்பான கதவத் தட்டிருக்கோம்!" என்று துள்ளினார்.

எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்து நடுவயது ஆண்களுக்கு மட்டும் புது விளம்பரம் போனது. மஞ்சள் தடவிய பத்திரிகை போல ஒரு படம். 'தாய்மாமன்மார் தவறாது வந்து சிறப்பிக்க வேண்டும்.' இடம், நேரம், அடியில் பொடி எழுத்தில் கல்லூரியின் பெயர்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று வேன்கள் வந்தன. கொட்டு முழங்க, சீர்த்தட்டுகளோடு நாற்பது தாய்மாமன்கள் இறங்கினார்கள். மாலை போட்ட கிடா ஒன்றும் இறங்கியது.

"விசேஷ வீட்டுக்காரவுக எங்கப்பா?" என்றார் பெரிய மீசைக்காரர்.

"யாரு வீட்டு விசேஷம்னு நெனச்சு வந்தீக மாமா?" என்றார் அண்ணன்.

"அது தெரியல. வராம இருந்து, நாளைக்குத் தங்கச்சி கேட்டா என்னத்தச் சொல்றது?"

கிடாயைக் கூடைப்பந்துக் கம்பத்தில் கட்டி, மாமன்களை அரங்கில் உட்காரவைத்து, ஹாஸ்டல் சாம்பார் சாதம் போட்டார் அண்ணன். கறி இல்லாததில் மாமன்களுக்கு வருத்தம். தாளாளருக்கோ முகமெல்லாம் பல்.

"வந்தது வந்துட்டோம்," மீசைக்காரர் எழுந்தார். "எந்தங்கச்சி மகன் இங்க படிச்சா வேலை கெடைக்குமா?"

"எல்லாருக்கும் கெடைக்கும்னு சொல்லுய்யா" என்று முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தார் தாளாளர்.

அண்ணன் தன் முன்னால் இருந்த சீர்த்தட்டைப் பார்த்தார். "பாதிப் பேருக்குக் கெடச்சிருக்கு மாமா. மிச்சப் பேரு தேடிக்கிட்டிருக்காக. வாத்தியாருக நல்லாச் சொல்லிக் குடுப்பாக."

வெளியே கிடா கத்தியது. பத்தொன்பது மாமன்கள் மருமகன்களின் பெயரைக் கொடுத்தார்கள். முப்பது ஆகவில்லை. சாயங்காலம் அண்ணனைப் போகச் சொல்லிவிட்டார்கள். என்னை இருக்கச் சொன்னார் தாளாளர். நான் அண்ணனின் பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிருக்கலாம்லண்ணே?" என்றேன் நடந்துகொண்டே.

"சீர் கொண்டாந்த மனுசன்கிட்ட எப்புடி மாப்ள பொய் சொல்றது?" பழம் ஒன்றை உரித்து என்னிடம் கொடுத்தார். "வாரேன் மாப்ள" என்று பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை ஒரு பரோட்டாக் கடையில் போய் நின்றேன். "பரோட்டா அடிக்கத் தெரியுமா?" என்றார் முதலாளி. முன்பெல்லாம் தெரியும் என்றுதான் சொல்வேன். பாதி வேலைகள் அப்படிக் கிடைத்தவைதான்.

"தெரியாதுண்ணே" என்றேன். பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது.