மாமாவின் ஆம்ப்ளிஃபையருக்கு 220 மட்டும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் அகராதி எழுதுவது. இங்கே அப்பா நலம். அம்மாவும் நலம்தான், ஆனால் வலது கை மட்டும் வலிக்கிறது என்கிறாள், அதன் காரணம் கீழே வரும். நான் உடம்பளவில் நலம். நீங்களும் உங்கள் ஓட்டல் வாத்தியக் குழுவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் என்னிடம் விட்டுப்போன ஆம்ப்ளிஃபையரும் நலம் என்று எழுதத்தான் மூன்று முறை பேனாவை எடுத்தேன், மூன்று முறையும் கீழே வைத்துவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம். வருகிற பதினெட்டாம் தேதி நீங்கள் ரயிலைவிட்டு இறங்கி, இங்கே வந்து ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அரங்கத்துக்குப் போவதாகத் திட்டம். பதினோரு வருடம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசித்த நீங்கள், முதல்முறையாக முன்னால் நின்று உங்கள் சொந்தப் பாட்டை வாசிக்கப் போகிறீர்கள். தயவுசெய்து அரங்கத்தில் வேறு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். உங்களுடையது செத்துக்கொண்டிருக்கிறது. கொன்றுகொண்டிருப்பது நான்தானோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் எழுதிக் கொடுத்த நோட்டுப்புத்தகம் எனக்கு மனப்பாடம். பெட்டி 220 வோல்ட்டுக்குப் பிறந்தது, சுவரில் அதைவிட அதிகம் வருகிறது, நேரடியாகச் சொருகினால் உள்ளே பல்பு மாதிரி ஒளிர்கிற வால்வுகள் சீக்கிரம் எரிந்துபோகும். அதனால் முதலில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற திருகுப்பெட்டி, அதில் மீட்டர், குமிழைத் திருகித் திருகி மீட்டரில் 220 வந்தபிறகுதான் ஆம்ப்ளிஃபையருக்கு சுவிட்ச். வாரம் ஒருமுறை, பத்து நிமிடம். இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மீறவில்லை. ஆனால் மற்ற ஆறு நாளும் சுவரில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? நோட்டில் அதைப் பற்றி எதுவும் இல்லை. ஆகவே நானாக ஒரு விதி சேர்த்தேன். நீங்கள் பிளக் மாட்டிக் கொடுத்த அதே மீட்டரை, அந்தப் பத்து நிமிடம் தவிர மற்ற நேரமெல்லாம், என் மேஜைக்கு மேலே இருக்கும் சுவிட்ச்போர்டிலேயே நிரந்தரமாகச் சொருகிவைத்து, கண்ணை அதைவிட்டு எடுக்காமல் இருந்தேன். பள்ளிக்கூடம் போகும்போது மட்டும் அப்பாவிடம் ஒப்படைப்பேன்.

முதல் மாதம் 238, 239 என்று சமர்த்தாக இருந்தது. பிறகு ஒரு நாள் 246. நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். மறுநாள் 251. மூன்றாம் நாள் 263, அதோடு திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டிப் படம் வேறு முளைத்துவிட்டது. மீட்டரோடு வந்த விளக்கத்தாளை நீங்கள் தந்துவிட்டுப் போகவில்லை. வாசல் பக்கம் இருக்கிற ஃபியூஸ் பெட்டிக்கு ஆபத்து என்று சொல்கிறதாக்கும் என்று புரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொன்னேன். அப்பா அன்றிலிருந்து கட்டைக் கரண்டியால்தான் சுவிட்ச் போடுகிறார். ரப்பர் செருப்போடுதான் சாப்பிட உட்காருகிறார். "பல்பு எப்பவும் போலத்தானேம்மா எரியுது?" என்று ஒருமுறை கேட்டார். கண் ஏமாறும், கருவி ஏமாறாது என்று சொன்னேன். பாவம், நம்பிவிட்டார்.

நோட்டில் பதினாலாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: வீட்டில் கரண்டை அதிகம் இழுக்கிற சாமான் ஓடினால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். எனக்கு அது தெய்வ வாக்கு மாதிரி இருந்தது. உடனே வெந்நீர் ஹீட்டரைப் போடச் சொன்னேன். மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டேன். அம்மாவை இஸ்திரி போட உட்காரவைத்தேன். முதலில் அப்பாவின் சட்டைகள், பிறகு போர்வை, துண்டு, ஜன்னல் திரை, கால்மிதி, காய்கறி வாங்கும் பை. வெயில் காலம், மாமா. ஹீட்டர் ஒரு பக்கம் கொதிக்குது, இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம் ஆவி விடுது, அம்மா முகமெல்லாம் வேர்வை, நான் மீட்டர் முன்னாடி நின்னு "இன்னும், இன்னும்"னு கத்தறேன், அது என்னடான்னா 271. "இனிமே உங்கப்பாவைத்தான்டி படுக்கவச்சு இஸ்திரி போடணும்" என்றாள் அம்மா. அப்பா சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

போனவர் மின்சார அலுவலகத்துக்குத்தான் போயிருக்கிறார். அங்கே இருந்தவர், "பல்பு ஏதாவது வெடிச்சுதா?" என்று கேட்டாராம். அப்பா இல்லை என்றாராம். "ஃபிரிட்ஜ் புகைஞ்சுதா?" இல்லை. "அப்ப ஏதாவது ஒண்ணு ஆனப்புறம் வாங்க சார்" என்று அனுப்பிவிட்டார்களாம். அன்று முதல் வீட்டில் யார் தும்மினாலும் நாங்கள் மூன்று பேரும் ஃபிரிட்ஜைத்தான் பார்க்கிறோம்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆம்ப்ளிஃபையர்தான், மாமா. சுவரில் ஏற ஏற நான் குமிழை இறக்கிக்கொண்டே வந்தேன், ஒவ்வொரு வாரமும் மீட்டரில் சரியாக 220 பார்த்துத்தான் கொடுத்தேன். ஆனாலும் வால்வுகளின் வெளிச்சம் வாராவாரம் மங்குகிறது. முன்பு பழுத்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தவை இப்போது அணையப்போகிற அகல் மாதிரி இருக்கின்றன. நீங்கள் விட்டுப்போன பழைய கிட்டாரை மாட்டி ஒரு தந்தியைத் தட்டினால், ஜுரத்தில் படுத்திருப்பவர் போர்வைக்குள்ளிருந்து "யாரு?" என்று கேட்பதுபோல ஒரு சத்தம் வருகிறது. நேற்று அதன் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். இன்று காலை சுவரில் 291. முந்நூறைத் தொட்டால் என்ன ஆகும் என்று நோட்டில் இல்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது, "இந்த வீட்டிலேயே பொறுப்பான ஆள் நீதான், அகராதி" என்று சொன்னீர்கள். அம்மா எதிரிலேயே சொன்னீர்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதானால் தயவுசெய்து அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவும் அப்பாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். (நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லியிருப்பார்கள்.) உங்கள் உடம்பையும் விரல்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் தேதி வெறுங்கையோடு போகாதீர்கள்.

இப்படிக்கு,
பொறுப்பாக இருந்த,
அகராதி

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம். அரங்கத்தில் வேறு ஆம்ப்ளிஃபையர் கேட்டிருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அப்பா லைன்மேனை அழைத்து வந்துவிட்டார். அவர் தன் மீட்டரைச் சுவரில் வைத்தார்: 238. நம் மீட்டரைப் பார்த்தார்: 291. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இந்த மூலைல இருக்கிற படம் என்னன்னு நினைச்சே?"

"ஃபியூஸ் பெட்டி."

"பேட்டரிம்மா. நான் சாகப்போறேன், என்னை மாத்துன்னு கெஞ்சிட்டிருக்கு. பேட்டரி தீர்ந்தா இந்த மீட்டர் எல்லாம் ஏத்தி ஏத்திச் சொல்லும். இதை நீ அணைக்கவே மாட்டியா?"

"அணைச்சா யார் பாத்துக்குவாங்க?" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாமா. கடைசி வாரம் 220 என்று நினைத்து நான் கொடுத்தது 180. உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு வியாதியும் இல்லை, நான்தான் அதை அரைப்பட்டினி போட்டிருக்கிறேன். புது பேட்டரி போட்டு, லைன்மேன் சாட்சியாக 220 கொடுத்தோம். வால்வுகள் மெல்ல மெல்ல அந்தப் பழைய ஆரஞ்சுக்கு வந்தன. கிட்டாரின் அடித்தந்தியை ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா கட்டைக் கரண்டியைக் கீழே போட்டார். பழக்கதோஷத்தில் எதையோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா, பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள்.

"என்னடி, தம்பி வந்துட்டானா?"