குழாயடியில் ஒரு வாலிபால்

இனி தினமும் மாலை ஐந்து மணிக்கு வாலிபால் ஆடுவது என்று 2009 கோடையில் முடிவெடுத்தேன். எங்கள் தீவுத் துறைமுகத்தின் ஹேடோ குவார்ட்டர்ஸில் மூன்று நாளுக்கு ஒருமுறை அதே ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வரும். வீட்டு டிரம்மை நிரப்புவது என் வேலை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மனைவி தமிழரசியிடம் சொன்னேன்.

"டாக்டர் தினமும் ஓடியாடச் சொல்லிட்டார். சுகர் வர்ற மாதிரி இருக்காம்."

அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இப்போது சொல்லலாம். நான் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை.

"ஆடுங்க. உடம்பு முக்கியம்ல," என்றாள். எங்கிருந்தோ பழைய மீன்வலை ஒன்றை வாங்கி வந்து, கிழிசலையும் தைத்துத் தந்தாள். "குழாய்க்குப் பக்கத்துல கட்டுங்க. தவிச்சா தண்ணி குடிக்கலாம்."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. யோசித்திருக்க வேண்டும். கட்டினேன்.

தண்ணீர் நாளிலேயே தொடங்கினோம். பக்கத்துக்கு மூன்று பேர். கிரேன் ஓட்டும் நாகலிங்கத்தையும் அவர் தம்பியையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எதிரே குமாஸ்தா ஜெகநாதனும் இன்னொரு குமாஸ்தாவும். மூன்றாவது ஆளான ஐயாவு, மெயின்லேண்ட் கப்பல் வந்துவிட்டதென்று டியூட்டிக்குப் போய்விட்டார்.

தமிழரசி வாசலில் நின்று பார்த்தாள். "பந்தயம் இல்லாம என்ன ஆட்டம்? தோத்தவங்க நம்ம வரிசை ஆறு வீட்டுக்கும் தண்ணி பிடிக்கட்டும்."

நாகலிங்கத்தின் தோளைப் பார்த்தேன். "சரி," என்றேன்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். "இங்க ஒரு ஆள் குறையுதுல்ல."

அவள் போட்ட முதல் சர்வீஸ் என் காதோரம் போனது. இரண்டாவதை நான் பார்க்கவில்லை. மூன்றாவது நெஞ்சில் பட்டது.

"அரே பாய், பாபி ஆடுவாங்கன்னு நீ சொல்லவே இல்லையே," என்றார் நாகலிங்கம். தீவில் அண்ணி என்றால் பாபிதான்.

"எனக்கே தெரியாதுப்பா."

"கல்யாணத்துக்கு முன்ன, கச்சால் தீவு ரப்பர் தோட்ட டீமுக்கு நாந்தான் கேப்டன்," என்றாள் அவள், பந்தைத் துடைத்தபடி.

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"நீங்க கேட்டதெல்லாம் சீப்பு எங்கன்னுதானே."

பதினைந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ஜெகநாதன் வலையில் சிக்கிக்கொண்டதால் கிடைத்தவை.

ஆறு வீட்டு டிரம்மும் நிரம்பியது. கடைசி வாளியை வைத்துவிட்டு, "இனி ரெண்டு நாளைக்கு ஓய்வு," என்றேன்.

"அதெப்படிங்க? டாக்டர் தினமும்னு சொல்லியிருக்காரே. அக்கரையில பாம்பூஃப்ளாட்ல எங்க அக்கா தெருவுக்கு நாளைக்குத் தண்ணி. அங்கயும் ஆளுங்களச் சேத்துட்டேன், அதே பந்தயந்தான். நாலு மணி ஃபெரி போட்டுக்கு வந்துருங்க, வலை என் பையில இருக்கு."