மூன்றாம் கோப்பைத் தண்ணீர்

இனி இந்த வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சுமக்கமாட்டேன் என்று நான் முடிவெடுத்த வாரத்தில்தான் பாம்புகள் வந்து சேர்ந்தன.

முடிவுக்குக் காரணம் என் வலது முழங்கால். பதுளை டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படி ஏறாதீங்க" என்றார். எங்கள் வீடு தெமோதரைக்குக் கீழே ரோட்டோரத்தில் இருக்கிறது. மலை ஊற்று விழுகிற தேயிலைத் தோட்டத்துப் பீலிக்குப் போக, மேலே அறுபத்திரண்டு படி ஏறவேண்டும். ஒன்பது வருஷமாகக் குடிக்கிற தண்ணீரை அங்கிருந்துதான் நான் கொண்டுவருகிறேன். இது என் கணவருக்குத் தெரியாது.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். நான் போய்வருகிற நேரத்தில் மனிதர் குறட்டையில் இருப்பார். பெயர் கிருஷ்ணராஜ். ஓய்வுபெற்ற டீமேக்கர். முப்பது வருஷம் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேநீரை ருசி பார்த்து, உறிஞ்சித் துப்பியே குடும்பம் நடத்தியவர். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே, பைப் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறது என்று சொன்னேன்.

"அது உன் கொன்வென்ட் மூக்கு. பைப் தண்ணிக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

நான் வாதாடவில்லை. மறுநாள் பீலித் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பாத்தியா, பைப் தண்ணி" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். தோற்றுப்போன ஆள் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்காகத்தான் தினமும் அறுபத்திரண்டு படி ஏறினேன். இப்போது யோசித்தால், எங்கள் இரண்டு பேரில் யார் முட்டாள் என்று எனக்கே நிச்சயமில்லை.

இனி பாம்புகளுக்கு வருகிறேன். பண்டாரவளையில் ஸப்வான் என்றொரு பிள்ளை, முறையான அனுமதியோடு பாம்புக் காட்சிச்சாலை நடத்துகிறார். மழையில் கூரை இறங்கிவிட்டது. தொழிற்சாலைக்குள் வருகிற பாம்புகளைப் பிடித்துப் பழகியவர் என்று என் கணவரை நம்பி, மரப் போவா என்கிற வெளிநாட்டுப் பாம்பு இரண்டைக் கூண்டோடு, இரண்டு மாசத்துக்கு எங்கள் பின்விறாந்தையில் விட்டுப் போனார். பச்சை நிறம், விஷமில்லை. கொடியில் போட்ட ஈரச்சேலை மாதிரிக் கிளையில் மடிந்து கிடக்கும். அந்த மடிப்புக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும்.

கிண்ணத்துத் தண்ணீரை அவை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. ஸ்ப்ரே போத்தலால் மேலே தூவினால், தன் உடம்பில் தங்குகிற துளிகளைத் தானே குடிக்கும். தன்மேல் விழுந்ததைக் குடித்தே காலம் தள்ளுகிற ஜீவன். பிடிக்காத பிராணிதான். ஆனாலும் அதைப் பார்த்தபோது, அட, நம்ம ஜாதி என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

ஸப்வான் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மருந்து வாடை அடிக்கிற தண்ணி மட்டும் வேணாம் சேர். நீங்க நம்பிக் குடிக்கிற தண்ணி எதுவோ, அதையே குடுங்க."

அன்று சாயந்தரம் என் கணவர் பைப்புக்குக் கீழே ஒரு டம்ளரைப் பிடித்தார். மழைக்குப் பிறகு வரும் தண்ணீர், பாலில்லாத டீயின் நிறத்தில் வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"நமக்கு இது போதும். பாம்புக்கு ஒத்துக்குமா?"

நமக்குப் போதுமாம். ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒருநாள் கேட்டதில்லை. வந்து நாலு மணிநேரம் ஆகாத பாம்புக்குக் கவலை வந்துவிட்டது. லத்தீப் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிவந்தார். மழைத் தண்ணீருக்குக் குண்டான் வைத்தார். எது நல்லது என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டு நாள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அதுவரை நான்தான் வீட்டில் மிச்சமிருந்த பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு அதுகளுக்குத் தூவினேன்.

மூன்றாம் நாள் எனக்கு வழி தெரிந்தது.

"என்னங்க, முப்பது வருஷம் நாக்க வச்சே பொழைச்ச ஆளு நீங்க. ஒரே தேயிலையப் போட்டு, தண்ணிய மட்டும் மாத்தி ருசி பாத்தா தெரிஞ்சிடாதா?"

உலகத்தில் வேறு யாரும் பாம்புக்குத் தண்ணீர் தேர்ந்தெடுக்க டீ போட்டிருக்கமாட்டார்கள். அவர் கண் மட்டும் மின்னியது. பழைய வெள்ளைக் கோப்பைகள் இறங்கின. தேயிலையை நிறுத்துப் போட்டார். தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. முதல் கோப்பைக்குப் பைப், இரண்டுக்குப் போத்தல், மூன்றுக்குப் பீலி, நாலுக்கு மழை. எது எதுவென்று நான் சொல்லவில்லை. தேயிலை ஊறும்வரை, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆறு நிமிஷம் இருவரும் பேசாமல் நின்றோம். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

முதல் கோப்பையை உறிஞ்சினார். வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"இது என்ன, கோழி கழுவுன தண்ணியா?"

இரண்டாவதற்குத் தோளைக் குலுக்கினார். மூன்றாவதை உறிஞ்சியவர் துப்பவில்லை, விழுங்கினார். தினமும் குடிக்கிற டீயைக் குடிப்பவர் மாதிரி இன்னொரு வாய் குடித்தார். கோப்பையையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் முழங்கால் பக்கம் பார்த்தார். சேலையில் டீ சிந்திவிட்டதாக்கும் என்று நானும் குனிந்து பார்த்தேன். நாலாவதைத் தொடாமலே, "மூணுதான். எங்க உள்ள தண்ணி?" என்றார்.

"மேல, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்துப் பீலி. அறுவத்திரண்டு படி. நான் ஏறக்கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

"நானே போறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?"

"இருவது லீட்டர்" என்றேன், கண் இமைக்காமல். பொய் சொல்லக்கூடாது என்று சிஸ்டர்மார் சொல்லித்தந்தது உண்மைதான். பாம்பு எவ்வளவு குடிக்கும் என்று அவர்கள் சொல்லித்தரவில்லை.

மறுநாளிலிருந்து மனிதர் இரண்டு கேனோடு படி ஏறினார். பாம்புகளுக்கு ஒரு கப் கொதிக்கவைத்து எடுத்துவைத்தேன். மிச்சத்தில் சோறு, டீ, ரசம் எல்லாம் ஆயிற்று. என் கால் வீக்கம் வற்றியது. அவர் தொந்தியும் வற்றியது. ஒரு புருஷனை இதைவிடச் சுத்தமாக ஏமாற்றமுடியாது என்று தினமும் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு நினைத்துக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை ஸப்வான் என்னிடம் போனில் பேசினார். கூரை சரியாகிவிட்டது, சனிக்கிழமை வந்து பாம்புகளை எடுத்துப்போகிறாராம்.

பாம்பு போனால் கேன் போகும். கேன் போனால் அறுபத்திரண்டு படியும் என்னிடம் திரும்பி வரும். அவர் பீலிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானே ஸப்வானுக்குப் போன் எடுத்தேன். பாம்புகள் இந்த வீட்டோடு பழகிவிட்டன, தண்ணீரும் ஒத்துக்கொண்டது, ஒரு வருஷமாவது இங்கேயே இருக்கட்டும் என்று, இரண்டு மாசத்துக்கு முன்னால் கூண்டைக் கண்டு அலறிய இதே வாயால் கெஞ்சினேன்.

மறுமுனையில் ஸப்வான் சிரித்தார்.

"அக்கா, அது போன மாசமே முடிவான கத. ஒரு வருஷத்துக்கு வச்சுக்கிறேன்னு சேர் கேட்டாரு, நானும் சரின்னுட்டேன். வீட்டுல சண்டை வராம இருக்க, அக்காவே வாயால கேக்கணுமாம். அதுக்குத்தான் சனிக்கிழமை வர்றேன்னு சொல்லச் சொன்னாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் நின்றார். இரண்டு கேனையும் நேரே என் அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்தார். பிறகு ஸ்ப்ரே போத்தலை எடுத்துக்கொண்டு விறாந்தைப் பக்கம் நடந்தவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"பாம்புக்கு ஒரு கப் போதும்னு எனக்குத் தெரியும்மா."