கழுவக் கழுவ மின்னும்

பக்கத்து வீட்டுத் தெரசா சோப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, சித்தார்த்தன் அடுப்படியில் அடுத்த சோப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்க வூட்ல எல்லாருக்கும் சளி."

சோப்பை மேடையில் வைத்தவள் வேகமாக நடையைக் கட்டினாள்.

"சளிக்கும் சோப்புக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார் சித்தார்த்தன்.

"மரியாதையா ஒரு காரணம் சொல்லிச்சே, அதுவே பெரிசு" என்றாள் அவர் மனைவி சரோஜா.

ஃபேக்டரியில் மண்வாரும் எந்திரங்களுக்கு போல்ட் முறுக்கி ரிட்டயரான மனுஷர். போனில் யாரோ ஒரு பெண் ரோஜாப்பூ வடிவத்தில் சோப்பு வார்ப்பதைப் பார்த்ததிலிருந்து, தாம் ஒரு பிறவிக் கலைஞர் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஊர் அந்த முடிவுக்கு வரவில்லை. தங்கச் சுரங்கத்தை மூடிவிட்ட ஆண்டர்சன்பேட்டையில் அவர் ஓசியில் நீட்டாத வீடு இல்லை. வாங்கியவர்கள் வீட்டில் எல்லாருக்கும் சளி.

சரோஜாவின் கோபம் வேறு. அவளுடைய பிரியாணி அண்டாவில்தான் கலை வளர்ந்தது. கிறிஸ்துமஸுக்குச் செய்த பிரியாணியில் லாவண்டர் மணத்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரே ஒரு ஆளு தானா வந்து சோப்பு கேக்கணும். இல்லன்னா சட்டி, அச்சு, சென்ட்டு எல்லாத்தையும் குப்பை வண்டியில ஏத்திடுவேன்" என்றாள்.

சித்தார்த்தன், வாசனைதான் போதவில்லை என்று முடிவு கட்டி, மல்லிகை சென்ட்டைப் பாட்டிலோடு கவிழ்த்தார். தெருவே தும்மியது. சரோஜா ரசத்தை வாயில் வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்படியானால் அழகுதான் போதவில்லை! தங்க நிறப் பொடியைக் கலந்து, பிஸ்கட் கட்டியாக வார்த்து, மேலே 'ரீப் கோல்டு' என்று அச்சுக் குத்தி, ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

"இன்னா சார், இப்படிப் பளபளன்னு கீது? உள்ள இன்னா போட்டீங்க?" என்றான் பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்த மஞ்சுநாத்.

கடையில் வாங்கிய முல்தானி மட்டி என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"எல்லாம் நம்ம சாம்பியன் ரீப்ஸ் மண்ணு. கழுவக் கழுவ மின்னும்."

மஞ்சுநாத் டீயைக் கீழே வைத்தான். குரல் இறங்கியது. "மைன்ஸ் மண்ணா? எத்தினி வாட்டி கழுவணும் சார்?"

"காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. நல்லாத் தேய்ச்சு."

அன்று சாயங்காலமே மஞ்சுநாத் பின்வாசலில் பையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் பால்காரர் மரியகுழந்தை. அவருக்குப் பின்னால், சளி குணமாகிவிட்ட தெரசா.

"நான் திருப்பிக் குடுத்த சோப்பு கீதா சார்? அதையே குடுங்க, போதும்."

"அது பழசு. அதுல இந்த மண்ணு இல்ல."

"அய்யோ, அப்ப வாணாம்! மண்ணு போட்டதே குடுங்க. பெரிய கட்டியா."

சித்தார்த்தன் நுரையின் நுட்பங்களை விளக்க ஆரம்பித்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

"மண்ணு மைன்ஸ்ல எந்த ஷாஃப்ட் பக்கம் எடுத்தீங்க சார்?" என்று மட்டும் மரியகுழந்தை கேட்டார்.

"தொழில் ரகசியம்" என்று கண்ணடித்தார் சித்தார்த்தன். அடுத்த நாள் கூட்டம் இரட்டிப்பானது. அவர் அண்டாவை இறக்காமல் வார்த்துத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருச் சாக்கடை முழுக்க வெள்ளை நுரை. மல்லிகை வாசனை வேறு. சித்தார்த்தன் சரோஜாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

"பாத்தியா? ஊரே என் சோப்புலதான் குளிக்குது!"

"தெரசா மேல ஒரு வாசனையும் வரலியே?" என்றாள் சரோஜா.

"இது நீ பொறாமையில பேசுற பேச்சு."

சரோஜா பெருமூச்சு விட்டாள். சொன்ன சொல்லை மீறுகிறவள் அல்ல. "சரி, தோத்துட்டேன். அண்டாவ நீங்களே வச்சுக்குங்க."

சித்தார்த்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாதாரணக் கண்ணீரா அது, கலைஞனின் கண்ணீர்! அப்போது மரியகுழந்தை முழங்கை வரை நுரையோடு வேகவேகமாக வந்தார். கையில் ஈர வேட்டித்துணி.

"வாங்க, வாங்க! சோப்பு எப்படி?" என்றார் சித்தார்த்தன், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நிமிர்ந்து நின்று.

"இன்னா சார் ஏமாத்துறீங்க, தெருவே உக்காந்து அத்தினி கட்டியும் கரைச்சு வடிகட்டிப் பாத்தாச்சு, ஒரு குந்துமணி தங்கம்கூட தேறலியே!"