இடது முழங்காலா, வலது முழங்காலா?

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. உங்கள் நலத்தையும் வீட்டில் அனைவருடைய நலத்தையும் விரும்புகிறேன். இங்கு நாங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், நடக்கிறோம், அந்த மட்டில் நலம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் பாதியை மறைத்துவிடுவேன் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் குடியேறப் போகிறோம் என்று சொல்லி உங்கள் வீட்டில் இறக்கிவிட்டு வந்த பீரோவையும் சோபாவையும் இரண்டு மின்விசிறிகளையும் சாவகாசமாகத் திருப்பி அனுப்ப முடியுமா? சோபாவில் உங்கள் பேரன் ஜூஸ் கொட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், பாதகமில்லை. இப்போது எங்கள் கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் மிச்சம். அவற்றில் நானும் உங்கள் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், யாரோ எங்களைப் பேட்டி எடுக்க வரப்போகிற மாதிரி. எடுத்தது போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். எடை அளவு ஆய்வாளனாக முப்பத்து நான்கு வருடம் கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். ஓய்வு பெற்ற மறுமாதமே, ஓய்வூதியம் வாங்கும் தம்பதிகளைக் கடற்கரையோரம் குடியமர்த்திக்கொள்கிற ஒரு நாட்டைப் பற்றிப் படித்துவிட்டு, பிள்ளைகள் இல்லாத நமக்கு எந்த ஊரும் ஒன்றுதானே என்று நானாகவே முடிவு செய்தேன். உங்கள் தங்கையிடம் சொன்னேன். கவனியுங்கள், சொன்னேன், கேட்கவில்லை. அவள் "சரிங்க" என்றாள். பிறகு படிவம், போலீஸ் சான்று, மார்பு எக்ஸ்ரே என்று நாங்கள் ஏறாத மாடிப்படி இல்லை. கைரேகை எடுக்கும் இடத்தில் என் பத்து விரலும் ஒரே முறையில் விழுந்துவிட்டது. அவளுடையது எத்தனை முறை அழுத்தியும் விழவில்லை. அங்கிருந்த பெண் அதிகாரி, "என்னம்மா, விரல்ல ரேகையே இல்லையே?" என்று கேட்க, இவள் சிரித்துக்கொண்டே, "முப்பத்தாறு வருஷம் பாத்திரம் தேய்ச்ச கைம்மா, கரைஞ்சு போயிருக்கும்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரம் களிம்பு தடவிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் வாங்கிக் கொடுத்த முதல் களிம்பு அதுதான் என்று கடையில் நிற்கும்போதுதான் தோன்றியது.

அடுத்தது புகைப்படம். நாங்கள் சேர்ந்து வாழ்வதற்குச் சான்றாகப் பத்துப் படங்கள் வேண்டுமாம். வீடு முழுக்கத் தேடியதில் தேறியது மூன்று. ஒன்று கல்யாணத்தில் எடுத்தது. ஒன்று உங்கள் மகள் கல்யாணப் பந்தியில் நான் வாய் நிறையச் சாப்பாட்டோடு இருப்பது. மூன்றாவது என் பணி ஓய்வு விழாவில் எடுத்தது, அதில் அவளுடைய பாதி முகத்தை எனக்குப் பரிசளித்த சுவர்க் கடிகாரம் மறைத்திருந்தது. வேறு வழியில்லாமல் ஸ்டூடியோவுக்குப் போனோம். புகைப்படக்காரர், "சார், கொஞ்சம் அம்மா பக்கமா தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளினேன். "இன்னும் கொஞ்சம் சார்." தள்ளினேன். அவர் கேமராவை இறக்கிவிட்டு, "சார், இவங்க உங்க வீட்டம்மாதானே?" என்று கேட்டார். அவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்த ஒரு படத்தில்தான் நாங்கள் தம்பதி மாதிரி இருக்கிறோம்.

இவ்வளவையும் தாண்டிக் கடைசியில் நேர்காணல். தூதரகத்தில் எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். விசாவுக்காகச் சேர்த்துவைத்த ஜோடியா, உண்மையான ஜோடியா என்று பார்ப்பதற்காம். உங்கள் மனைவிக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்றார் அதிகாரி. வலது என்றேன். தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை? போட மாட்டாள் என்றேன். மத்தியானத்தில் என்ன செய்வார்? மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்ப் பட்டன் தைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள் என்றேன். எதற்குப் பயப்படுவார்? பல்லிக்கு. பிடித்த நிறம்? இலைப் பச்சை. உங்களுக்குக் குறட்டை உண்டா? இல்லவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போது என் பதில்களை ஒவ்வொன்றாக அவளிடம் ஒப்பித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடற்கரையை நினைத்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. "இத்தம்பதியர் சேர்ந்து வாழ்வதற்கான நம்பத்தக்க சான்று இல்லை" என்று எழுதி, கீழே கட்டம் போட்டு இரண்டு பேர் பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். முழங்கால்: கணவர் வலது, மனைவி இடது. சர்க்கரை: மனைவி இரண்டு கரண்டி. மத்தியானம்: தூக்கம். பயம்: எதுவுமில்லை. நிறம்: ஊதா. கணவரின் குறட்டை: உண்டு. ஆறுக்கு ஆறும் தப்பு. ஊரார் தராசில் ஊசிமுனை வித்தியாசம் கண்டுபிடித்து அபராதம் போட்ட மனிதன் நான். பெண்டாட்டிக்கு எந்தக் கால் வலிக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை.

"உனக்கு வலதுதானே வலிக்கும்?" என்று கேட்டேன்.

"இடதுங்க" என்றாள் தலை நிமிராமல்.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

அதற்கப்புறம் இந்தப் பத்தொன்பது நாளாகக் கவனித்துப் பார்க்கிறேன். இடது காலுக்குத்தான் தைலம் தேய்த்துக்கொள்கிறாள். தேநீரில் இரண்டு கரண்டி போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிறாள். மத்தியானம் மாடிக்குப் போவதே இல்லை, கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். முந்தாநாள் சமையலறையில் பல்லி ஒன்று அவள் காதோரம் ஓடியது. நடுங்கினாளே தவிர, வாய் திறக்கவில்லை. நான் யாரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேன் மைத்துனரே? நான் பார்த்ததாக நினைத்ததெல்லாம் என்ன? நேற்றுக் கடையில் ஊதா நிறத்தில் ஒரு புடவை வாங்கி வந்து கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. நான் போடப் போவதில்லை. எந்த முகத்தோடு போடுவது? எங்களுக்காகச் சாட்சிக் கடிதம் எழுதி, "இவர்கள் ஒருவரை ஒருவர் நன்கறிந்த தம்பதி" என்று கையெழுத்துப் போட்ட உங்களைப் பொய்யராக்கிவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். பேரனைச் சோபாவுக்காகத் திட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டிய,
அவள் கணவன்.

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறது. கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார். பிரிச்சுப் படிச்சிட்டேன். நேர்காணல்ல அவர் சொன்னதெல்லாம் சரி. எனக்கு வலிக்கிறது வலது கால்தான். சர்க்கரை போட மாட்டேன், பல்லின்னா உயிரே போயிடும், ஊதாவைக் கண்டாலே ஆகாது. குறட்டை மட்டும் அவர் விடுவார், அது உண்மை. எனக்கு அங்க போகப் பிடிக்கலைண்ணா. இந்த வயசுல போய், பேச்சுக்கு ஒரு ஆள் இல்லாம கடலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்க முடியாது. எப்படியும் இவருக்கு என்னைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, பதில் தானா இடிக்கும், எதுக்கும் இருக்கட்டும்னுதான் நானும் மாத்தி மாத்திச் சொன்னேன். பஸ்ல அவர் ஒவ்வொண்ணா ஒப்பிக்க ஒப்பிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஒரு நாளாவது என்னைப் பார்த்திருப்பாரான்னு நான் நினைச்ச மனுஷன், அத்தனையும் பார்த்து வச்சிருக்கார். இன்னைக்குச் சாயந்தரம் உண்மையைச் சொல்லிடப் போறேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. போறதா இருக்கிறதான்னு இந்தத் தடவை ரெண்டு பேருமா உட்கார்ந்து பேசறோம், அதுவரைக்கும் சாமானெல்லாம் அங்கேயே இருக்கட்டும். இவ்வளவும் தெரிஞ்சவர், "உனக்கு வர இஷ்டமா?"ன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம். நானும் வேண்டாம்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். குளியலறைக் கதவு திறக்குதுண்ணா, ஒட்டிடறேன்.