அதிமதுரத்துக்கு மார்க் போட்டவர்

தரக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். சட்டை எடுக்கப் போனால் கடையிலேயே தையலை இழுத்துப் பார்ப்பார், பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், "எடை கொஞ்சம் கம்மியோ?" என்பார். இப்பேர்ப்பட்டவரைக் கொண்டுபோய் அதிமதுரத்துக்குத் தரம் நிர்ணயிக்கும் குழுவின் தலைவராக்கினால் என்ன ஆகும்? ஆக்கிவிட்டார்களே!

அதிமதுரம், இருமலுக்கு மெல்லுகிற இனிப்பு வேர். அதில் ஈரம் எவ்வளவு இருக்கலாம், மண் எவ்வளவு ஒட்டலாம் என்று எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. தர முத்திரை இல்லாமல் எந்த மருந்துக் கம்பெனியும் வாங்காது என்பதால், விளைவித்தவர்கள் மூட்டைகளைக் கட்டி வைத்துக்கொண்டு தவியாய்த் தவித்தார்கள். நம்மவரோ வந்த வேரையெல்லாம் முகர்ந்து, நக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒன்று வளைந்திருக்கிறது என்றும், இன்னொன்று சந்தேகப்படும்படி நேராக இருக்கிறது என்றும் தள்ளிக்கொண்டே போனார்.

"சார், உங்க கணக்குப்படி பாத்தா உலகத்துல ஒரு வேர்கூடத் தேறாது," என்றார் ஆய்வுக்கூட அதிகாரியான அம்மாள்.

"அப்போ செடியை ஒழுங்கா வளரச் சொல்லுங்க!"

இப்படிக் கத்திக் கத்தியே, இறுதிக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மனைவி கடையில் அதிமதுரம் வாங்கிக் கஷாயம் வைத்து நீட்டினார்.

"தூசி எத்தனை சதவீதம்?" என்று அவர் கேட்கப் பார்த்தார்; குரலுக்குப் பதில் வெறும் காற்றுதான் வந்தது.

"குடிக்கிறீங்களா, இல்ல மூக்கப் புடிச்சு ஊத்தட்டுமா?"

குடித்தார். மருந்தாலோ மனைவியின் முறைப்பாலோ, காலையில் குரல் கணீரென்று திரும்பிவிட்டது. மிச்ச வேரில் ஒரு துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனவர், மேசையைத் தட்டி முழங்கினார்: "எந்த வேரும் தேறவில்லை!"

"அப்ப வாயில என்ன சார்?" என்றார் அம்மாள்.

"இதுவா? இது... வீட்டு உபயோகத்துக்கு!"

குழு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரித்த கையோடு, அம்மாள் எழுதி வைத்திருந்த நியாயமான அளவுகளுக்குக் கை தூக்கியது. நம்மவரும் தூக்கினார், மூன்றாம் வரியில் ஒரு காற்புள்ளி பிசகு என்று சொல்லத்தான். அதையும் சம்மதமாக எண்ணி, ஒருமனதாக நிறைவேற்றிவிட்டார்கள்.

மூட்டைகள் லாரி ஏறின. விளைவித்தவர்கள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்கும் உள்ளூர ஒரே பூரிப்புத்தான். ஆனாலும், "முத்திரை மை கொஞ்சம் வெளிறிப் போயிருக்கே," என்றார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: இதை வாசிக்கும்போது, 'இந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் செதுக்கியிருக்கலாமே' என்று எங்காவது உதட்டைப் பிதுக்கினீர்களா?

வாங்க, தலைவரே!