முப்பது நாளில் முத்தான கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பாதி முகத்தில் சோப்பு நுரை இருக்கும்போதே, பார்சல் கிளார்க் சபதம் போட்டார். இன்னும் முப்பதே நாளில் மகளுடைய கையெழுத்தை முத்து முத்தாக மாற்றிக் காட்டுவாராம். முடியாவிட்டால் தன் பெயரை மாற்றிக்கொள்வாராம்.

"சரிங்க" என்றாள் மனைவி.

அந்த இடத்திலேயே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். பத்து வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் எடுத்த எடுப்பில் சரி என்று சொன்னது கிடையாது. மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று அவர் புகார் சொன்னால், அது உங்கள் குறட்டையாக இருக்கும், முழித்துக்கொண்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்பவள் அவள். ஆனால் கிளார்க் அன்று தன் யோசனையில் தானே மயங்கிக் கிடந்தார்.

சபதத்துக்குக் காரணம் ஒரு நோட்டு. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மனைவி அதைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டியிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வீட்டில் எழுதியதாம். அதில் ஒரு எழுத்து குப்புறக் கிடந்தது. ஒன்று மல்லாந்து கிடந்தது. 'ழ' தன் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுத்த வரியில் இருந்த எழுத்தின் தலையில் வைத்திருந்தது.

"கோழி கிளறின மாதிரி இருக்கு. இது யாரைக் கொண்டு பிறந்திருக்கு?" என்றார் கிளார்க்.

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு நாகரிகமாகக் கூரையைப் பார்த்தாள்.

யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், அவர் வேலை பார்க்கும் பார்சல் ஆபீசுக்கும் தெரியும். வருகிற மூட்டை, பெட்டி எல்லாவற்றிலும் பட்டை மார்க்கரால் ஊரும் பேரும் எழுதுவதுதான் அவர் உத்தியோகம். அவர் எழுதியதைப் படிப்பது லோடு ஏற்றுபவரின் உத்தியோகம். போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய சாக்பீஸ் பெட்டி பல் டாக்டருக்குப் போய்விட்டது. பல் டாக்டருடைய பெட்டி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. தலைமையாசிரியர் திறந்து பார்த்தபோது எட்டு செட்டுப் பல் அவரைப் பார்த்துச் சிரித்ததாம்.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஒரு கடிதம் கொடுத்தார். முப்பது நாளில் கையெழுத்து திருந்தாவிட்டால் கவுண்டரை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மூட்டை அடுக்க வேண்டியது.

மூட்டை அடுக்குவது ஒன்றும் இழிவு இல்லை. ஆனால் கிளார்க்குக்கு இடுப்பு வலி. அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. "எங்கப்பா சுத்தற நாற்காலியில உக்காந்து வேலை பாக்கறாரு" என்று மகள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் ஆபீசுக்கு வந்து அந்த நாற்காலியில் ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு, தலை கிறுகிறுக்க, உலகத்திலேயே நல்ல வேலை அப்பாவுடையதுதான் என்று தீர்ப்பும் சொல்லியிருந்தாள். அந்த நாற்காலி போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மனைவியிடம் சொல்வதோ அதைவிடக் கஷ்டம். ஆகவே கிளார்க் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த நேரத்தில்தான் மகளுடைய நோட்டு மூக்குக்கு நேராக வந்தது. பளிச்சென்று யோசனை பிறந்தது. நாற்பது வயது ஆள் நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகினால் ஊர் சிரிக்கும். அதையே மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பழகினால்? பொறுப்பான அப்பா என்று பெயர் கிடைக்கும். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. நுரைக்குள்ளே அவர் சிரித்துக்கொண்டது வெளியில் தெரியவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள் மனைவி. "மேல் வரியை நீங்க எழுதணும். அதைப் பார்த்து அவ கீழே எழுதணும். அவ எழுத்து சரியில்லைன்னா முதல்ல மேல் வரியைப் பாருங்க."

"அது எதுக்கு?"

"எங்க கடையில அப்படித்தான். படிக்க வரலைன்னா கண்ணையும் பாக்கணும், போர்டையும் பாக்கணும்."

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்தைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டே சம்பளம் வாங்குபவளிடம் எழுத்து விஷயத்தில் வாயைக் கொடுக்க முடியுமா? கிளார்க் தலையாட்டினார்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு ஆரம்பமானது. வாத்தியார் 'வண்ணக் கிண்ணம்' என்று மேல் வரியில் எழுதினார். மாணவி பென்சிலைச் சீவிக்கொண்டு, மேல் வரியை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இதுல நாலு 'ண' இருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"முதல் 'ண'வுக்கு மூணு சுழி போட்டிருக்கீங்க. ரெண்டாவதுக்கு ரெண்டு. மூணாவதுக்கு நாலு. கடைசிக்குச் சுழியே இல்லை, சும்மா கோடுதான் இருக்கு. எதைப் பார்த்து எழுதறது?"

"எல்லாத்தையும் பார்த்துப் பொதுவா எழுதும்மா."

அவள் பொதுவாக எழுதவில்லை. நாலையும் நாலு விதமாக, அச்சு அசலாக, பத்து வரி எழுதினாள். கிளார்க் நோட்டை வாங்கிப் பார்த்தார். பத்து வரியும் அவர் கையெழுத்து. ஆபீசில் காட்டினால் அவர் எழுதியதுதான் என்று எல்லாரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வார்கள்.

"என்னங்க, மேல் வரியைப் பார்த்தீங்களா?" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

மறுநாள் கிளார்க் ஸ்டேஷனரிக் கடைக்குப் போய், தனக்கென்று தனியாக ஒரு நாலு கோடு நோட்டுக் கேட்டார்.

"எந்த கிளாஸ் சார்?"

"ஒண்ணாவது."

"பொண்ணா, பையனா?"

"பையன்தான். கொஞ்சம் வளர்ந்த பையன்."

அந்த நோட்டு நாலு நாளில் தீர்ந்தது. அதன்பின் டீ நேரத்தில் கிழிந்த அட்டைப் பெட்டிகளில் எழுதினார். எழுதியதை ஆபீசில் போட்டால் மானம் போகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் பேண்ட்டுக்கு அடியில் திணித்தார். பேண்ட்டை மடித்து வைப்பது யார் என்பதை யோசிக்கவில்லை.

"அலமாரியில இருக்கற அட்டையெல்லாம் என்னங்க?"

"ஆபீஸ் ரிக்கார்டு."

"வண்ணக் கிண்ணம், வண்ணக் கிண்ணம்னு நூறு தடவை எழுதியிருக்கு."

"கிண்ணக் கம்பெனி பார்சல். நூறு பெட்டி வந்துச்சு."

"சரிங்க."

இது இரண்டாவது சரிங்க. இதற்கும் மனிதர் உஷாராகவில்லை. பொய் பலித்துவிட்டது என்று விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

ஆனால் பதினெட்டாவது நாள் விசில் வரவில்லை. அன்று பின்கட்டில் புதிதாக ஒரு காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அளவு அவருடைய அளவு. மாலையில் மேஜையில் உட்கார்ந்ததும் பென்சிலை இறுக்கிப் பிடித்தார். பயமாகவே இருந்தது. 'ண' போட்டார், சுழி உருண்டு கோட்டைத் தாண்டி ஓடியது. அழித்தார். போட்டார். மறுபடியும் ஓடியது. "எனக்கு வராதும்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மகள் தன் பென்சிலை வைத்துவிட்டு அவர் விரலைப் பிடித்தாள்.

"வரும்பா. இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க. பென்சில் எங்கயும் ஓடிப் போயிடாது. கையைக் கோட்டு மேல வைங்க. மூச்சு விடுங்க. இப்பப் போடுங்க."

போட்டார். மூன்று சுழி, மூன்றும் ஒரே அளவு, வரிக்குள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தது. கிளார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதத் தெரியாத பிள்ளைக்கு எப்படி இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுக்கத் தெரிகிறது என்று ஒரு கணம் யோசித்தார். தன்னுடைய ரத்தம், அதுதான் என்று முடிவு செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு எழுத்து வளர்ந்தது. அவர் மேல் வரி நிமிர நிமிர, அவள் கீழ் வரியும் நிமிர்ந்தது. இருபத்தைந்தாம் நாள் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முப்பதாவது நாள் மேனேஜர் மூன்று மூட்டைகளைக் கவுண்டரில் போட்டு மார்க்கரை நீட்டினார். கிளார்க் மூச்சு விட்டார். மார்க்கரை இறுக்காமல் பிடித்தார். எழுதினார். லோடு ஏற்றுபவரை மேனேஜர் முற்றத்தின் மறுகோடியில் நிறுத்தி, அங்கிருந்தே படிக்கச் சொன்னார். அவர் மூன்றையும் கடகடவென்று படித்தார். படித்து முடித்துவிட்டு, "அண்ணே, இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாருகிட்டய்யா கத்துக்கிட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"கத்துக்கலை சார். கத்துக் கொடுத்தேன்" என்றார் கிளார்க், நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றி.

மாலையில் மகளுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு, தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டாள்.

"மேனேஜர் என்ன சொன்னாரு? நாற்காலி உங்களுக்குத்தானே?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. "உனக்கெப்படி மேனேஜர் விஷயம் தெரியும்?"

"கடிதத்தைச் சட்டைப் பையிலயே வெச்சுட்டுச் சட்டையைத் துவைக்கப் போட்டா? முழுக்கப் படிச்சுட்டுக் காய வெச்சு, மறுபடியும் பையிலயே வெச்சேன். முப்பது நாள்னு போட்டிருந்துச்சு."

"அப்ப முதல்லயே தெரியுமா? என்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

என்ன சொல்லியிருப்பார்? கடிதமா, எந்தக் கடிதம் என்றிருப்பார். கிளார்க் தோல்வியை மென்று விழுங்கினார். ஆனாலும் ஆண்பிள்ளை, கையில் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அது எப்படியோ போகட்டும். என் வேலை தப்பிச்சது பெரிசில்லை. சபதம் போட்டபடி முப்பதே நாள்ல பிள்ளை கையெழுத்தைத் திருத்திக் காட்டினேனே, அதுக்கு என்ன சொல்றே?"

கலர் பென்சில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, அதான் அப்பாவுக்கு நல்லா எழுத வந்துடுச்சே. இனிமே நான் ஸ்கூல்ல எழுதற மாதிரியே வீட்டுலயும் எழுதலாமா?"